பாட்டியின் வேல்ஷ் மொழியைத் திரும்பப் பிடிக்க: ஒரு வகுப்பு, ஒரு ஒலிப்பாடம், ஒரு பச்சை ஆந்தை

வேல்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,300 பேர். மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள மக்களில் இது 17.8 சதவீதம், 2011இல் 19 சதவீதமாக இருந்தது. சரிவு பளிச்சென்று தெரிந்தது 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம்தான்: 40.3 சதவீதத்திலிருந்து 34.3க்கு இறங்கிவிட்டது. 2050க்குள் பத்து லட்சம் பேரைப் பேச வைப்போம் என்று 2017இல் இலக்கு வைத்த அரசுக்கு இது நல்ல சேதி அல்ல. ஆனால் கற்க வரும் இளைஞருக்கு அதனால் ஒரு லாபம் உண்டு. உலகத்துச் சிறுபான்மை மொழிகளில் வேல்ஷுக்கு இருக்கிற அளவு பாடம், வகுப்பு, செயலி வேறு எதற்காவது இருந்தால் அது அதிசயம்.

இருப்பது நிறைய என்பதே சிக்கலும் ஆகிறது. இங்கே எடைபோடுவது மூன்றை: தேசிய மையம் நடத்தும் 'டஸ்கி கம்ராய்க்' வகுப்பு, 'சே சம்திங் இன் வெல்ஷ்' ஒலிப்பாடம், பச்சை ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட டூயோலிங்கோ செயலியின் வேல்ஷ் பாடம். எடைபோடுவதும் ஒரு குறிப்பிட்ட ஆளின் பக்கம் நின்றுதான்: பாட்டி தாத்தா வேல்ஷ் பேசுவார்கள், அப்பா அம்மா வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள், பேரப்பிள்ளைக்கு இப்போது பதினெட்டு, இருபது வயது. காதில் கொஞ்சம் விழுந்திருக்கும், வாயில் வராது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் அமைப்பவர்களும் இந்த ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வகுப்புதான் சோறு. ஒலிப்பாடம் குழம்பு. டூயோலிங்கோ அப்பளம், அதை மட்டும் தின்று வயிறு நிறையாது.

எதில் சேர்வதற்கும் முன்னால் பாட்டி எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேல்ஷில் வடக்குப் பேச்சும் தெற்குப் பேச்சும் அன்றாடச் சொற்களிலேயே பிரியும். பாட்டி வடக்கே 'நைன்', தெற்கே 'மம்-கீ'. தாத்தா 'டைட்', 'டட்-கீ'. பால் வடக்கே 'ல்ஹெவ்ரித்', தெற்கே 'ல்ஹாய்த்'. 'இப்போது' என்பது வடக்கே 'ரூஅன்', தெற்கே 'நௌர்'. 'வேண்டும்' வடக்கே 'இஷோ', தெற்கே 'மோய்ன்'. ஒருவருக்கொருவர் புரியாத அளவு வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டு மொழியைத் திரும்பப் பிடிக்க வருபவருக்கு அடுத்த வீட்டு மொழியைக் கொடுத்தால் பாட்டியிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் இடறும். வடக்கே கார்னார்வன் பக்கத்துப் பேத்தி தெற்குப் பாடத்தில் ஓராண்டு உழைத்துவிட்டு வீட்டில் பால் கேட்டால், பாட்டி சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். இந்த மாற்றம்தான் வீட்டு மொழி கற்பவரின் முதல் எதிரி.

தெற்கு என்றாலும் ஒரே தெற்கு அல்ல. பெம்ப்ரோக்‌ஷையரில் 'ஓய்ஸ்' (இருக்கிறது) என்ற சொல் 'வெஸ்' ஆகிவிடும். எந்தப் பாடநூலும் அந்தப் பேச்சைக் கற்றுத்தராது. அதற்கு ஒரே மருந்து, பாட்டியைப் பேசவைத்துக் கைபேசியில் பதிவு செய்வது. 'ஏதாவது பேசுங்கள்' என்றால் ஆங்கிலம்தான் வரும். சமையலறையில் நின்று ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்டால் சொற்கள் கொட்டும். பத்து நிமிடப் பதிவு போதும். அதில் வரும் சொற்களைப் பாடநூலின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

டஸ்கி கம்ராய்க்

வேல்ஷ் கற்பிப்பதற்கான தேசிய மையம் 2016இல் அமைந்தது. நேரடியாகத் தான் கற்பிக்காமல், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், உள்ளூர் அமைப்புகள் வழியாக வகுப்புகளை நடத்துகிறது. நிலைகள் ஐந்து: மனெட்யாட், சல்வைன், கனோல்ராத், யூஹ், க்ளோய்வி. முதலாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ1, இரண்டாவது ஏ2, அப்படியே மேலே. முதல் நிலைக்குச் சுமார் 120 மணி நேர வகுப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டு, நான்கு மணி நேரம் என்றால் ஒரே ஆண்டில் முடியும். நேரம் இருக்கிற மாணவர்கள் நான்கு மணி நேரத்தையே எடுப்பது நல்லது. வாரம் ஒரே ஒரு மாலை என்றால் போன வாரப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவரவே முதல் இருபது நிமிடம் போய்விடும்.

16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு 2022 முதல் கட்டணம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே இருபத்தாறு வயதுக்கு முன் சேர்ந்துவிட வேண்டும்.

வகுப்பின் பெரும்பலம், வாய் திறக்காமல் தப்பிக்க முடியாது என்பது. பாடநூல் வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. அலகுகளில் உரையாடலும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு நிரப்பும் அட்டவணையும் வரும். பத்துப் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பதில் எழுதுவது சலிப்பாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சலிப்புதான் வேலை செய்கிறது. வேல்ஷில் 'ஆம்', 'இல்லை' என்று எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் கிடையாது. கேள்வியின் வினைக்கு ஏற்பப் பதில் மாறும். 'பால் இருக்கிறதா' என்று 'ஓய்ஸ்' வைத்துக் கேட்டால் 'ஓய்ஸ்' அல்லது 'நாக் ஓய்ஸ்'. 'நீ இதைச் செய்கிறாயா' என்று கேட்டால் 'அடூ' அல்லது 'நாக் அடூ'. 'போனாயா' என்று இறந்தகாலத்தில் கேட்டால் 'டோ' அல்லது 'நாத்தோ'. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். 'இருக்கா?' 'இருக்கு.' 'வந்தியா?' 'வந்தேன்.' என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது பாதி தெரிந்த சங்கதி. கார்டிஃப் பள்ளிகளில் வேல்ஷ் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியரே எதிர்பார்க்காத ஒரு முன்தொடக்கம்.

முன்னிலை மரியாதையும் அப்படித்தான். 'டீ' என்றால் நீ, 'ஹீ' என்றால் நீங்கள் (அந்த ஹகரம் தொண்டையில் உரசி வர வேண்டும்). வகுப்பில் எல்லோரும் இளசுகள், எல்லோரும் 'டீ'. பழைய குடும்பங்களில் பாட்டி தாத்தாவை 'ஹீ' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. பாடநூல் இரண்டையும் தருகிறது. உங்கள் வீட்டில் எது என்பதைப் பாடநூல் சொல்ல முடியாது. பழக்கத்தில் 'டீ' ஊறிப்போவதற்கு முன் வீட்டில் கேட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. மிகப் பெரியது நிலைப் பொருத்தம். காதால் நிறையப் புரிந்து, வாயால் எதுவும் வராத ஆளுக்கு மனெட்யாட் முதல் பத்து வாரம் கொட்டாவி. கனோல்ராத் போனால் இலக்கணத்தில் மூச்சுத் திணறல். வகுப்புகள் ஒன்றுமே தெரியாதவரை மனத்தில் வைத்து அமைந்தவை. அதனால் பதிவு செய்வதற்கு முன் வகுப்பு நடத்தும் அமைப்புக்கு எழுதி, 'கேட்டால் புரியும், பேச வராது' என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனெட்யாட்டின் இரண்டாம் பாதியிலோ சல்வைனிலோ உட்காரச் சொன்னால் சரி. பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்து முடித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. 'ரடூ ஈன் ஹாஃபி' (எனக்குப் பிடிக்கும்) என்று கட்டுரை மொழியில் பேசி வளர்ந்திருப்பார்கள். தெருவில் 'ரடூ ஈன்' என்பது 'டுயின்' என்று சுருங்கும்; வடக்கே 'ஹாஃபி'யும் போய் 'லிக்யோ' வந்துவிடும். அந்த விறைப்பை உதிர்க்கவே ஒரு பருவம் பிடிக்கும்.

எண்களிலும் கவனம் தேவை. வகுப்பில் பதினெட்டு என்பது 'ஈன் டெக் ஊய்த்', அதாவது ஒரு பத்தும் எட்டும். வயதானவர்கள் 'டெய்நௌ' என்பார்கள், இரண்டு ஒன்பது. நாற்பது அவர்களுக்கு 'டெய்கைன்', இரண்டு இருபது. மணி சொல்லும்போதும் தேதி சொல்லும்போதும் பழைய முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. புது முறையிலேயே பழகியவர் பாட்டி சொல்லும் மணியைத் தவறவிடுவார். பழைய எண்கள் முப்பத்தொன்று வரை தெரிந்தால் மணியும் தேதியும் முழுதாகக் கைக்குள் வந்துவிடும்.

வகுப்போடு ஒட்டி வரும் 'ஷாரட்' திட்டத்தை விடாதீர்கள். கற்பவரை நன்றாகப் பேசும் ஒருவரோடு இணைத்து, பத்து மணி நேரம் பேசவைப்பார்கள். வகுப்புத் தோழர்களின் வேல்ஷை மட்டும் கேட்டுக் கேட்டு ஒரு வகுப்பறை வேல்ஷ் உருவாகிவிடும். அதை உடைப்பது இந்தப் பத்து மணி நேரம்தான்.

இணையவழி வகுப்பில் சேர்பவர்கள் கவனிக்க: தெற்கே ஸ்வான்சீயில் இருந்துகொண்டு வடக்கே பாங்கோர் வகுப்பிலும் சேரலாம், மறுதலையாகவும் சேரலாம். இது வசதிதான். ஆனால் நேரம் ஒத்துவருகிறதே என்று கண்ணை மூடிப் பதிவு செய்தால் மாற்றுப் பேச்சு வழக்கின் பாடநூல் கையில் வந்து நிற்கும். வகுப்பு விவரத்தில் வடக்கா தெற்கா என்று எழுதியிருக்கும். பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

சே சம்திங் இன் வெல்ஷ்

2009இல் ஆரன் ஜோன்ஸும் கூட்டாளியும் தொடங்கியது. அடிப்படை எளிமையானது. காதில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும், சிறிது இடைவெளி, அதற்குள் வேல்ஷில் சொல்லிவிட வேண்டும், பிறகு இரண்டு குரல்கள் சரியான வேல்ஷைச் சொல்லும். அரை மணி நேரப் பாடங்கள். வாசிப்பு இல்லை, எழுத்து இல்லை, இலக்கண அட்டவணை இல்லை. குறிப்பெடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. முதல் பாடத்திலேயே 'எனக்கு வேல்ஷ் பேச வேண்டும்', 'பேச முயல்கிறேன்' என்பவை வந்துவிடும். வடக்கு, தெற்கு என்று தனித்தனிப் பாடம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே டூயோலிங்கோவை விட ஒரு படி மேல்.

கேட்டால் புரியும், வாயில் வராது என்ற நம் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. அவருக்குச் சொற்கள் ஏற்கெனவே உள்ளே கிடக்கின்றன. இடைவெளி முடிவதற்குள் அவற்றை வெளியே இழுக்கும் பழக்கம்தான் இல்லை. பாடத்தின் இடைவெளி கொஞ்சம் குறுகலாகவே இருக்கும். இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தி யோசிக்க ஆரம்பித்தால் பயன் போய்விடும். பாதி வாக்கியம் வந்தாலும் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மனத்துக்குள் சொல்வது கணக்கில் சேராது. பேருந்தில் உதடு அசைக்காமல் கேட்பவர்கள்தான் 'எனக்கு வேலைக்காகவில்லை' என்பவர்கள்.

எழுத்தைத் தொடாமல் போவதற்கு ஒரு விலை உண்டு. மூன்று மாதம் சரளமாகப் பேசியவர் முதன்முதலாக வேல்ஷ் பலகையைப் பார்க்கும்போது விழிப்பார். வேல்ஷ் எழுத்துமுறை ஒழுங்கானதுதான், ஆனால் ஆங்கிலக் கண்ணோடு பார்க்கக் கூடாது. ஒற்றை எஃப் வகரமாக ஒலிக்கும், இரட்டை எஃப்தான் ஃபகரம். டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும், ஊகாரம். யூ ஈகாரமாக ஒலிக்கும். இரட்டை டி, ஆங்கில 'தட்' என்பதில் வரும் தகரம். இரட்டை எல்லுக்கு, லகரத்துக்கு வைப்பதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு குரல் எழுப்பாமல் ஓரங்கள் வழியே காற்றை ஊத வேண்டும். அகராதியில் இரட்டை எல் தனி எழுத்து. எல்லில் தொடங்கும் சொற்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். மொத்தம் 29 எழுத்து. ஒரு மாலையில் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை இது. ஐந்தாறு ஒலிப்பாடம் ஆனதும் முடித்துவிட வேண்டும்.

முழுப் பாடத்துக்கும் மாதச் சந்தா உண்டு. விலை மாறிக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. வகுப்பு இலவசமாகக் கிடைக்கிற வயதில் இதற்குக் காசு கொடுக்கலாமா என்றால், கோடை விடுமுறையில் வகுப்பு இல்லாத இரண்டு மூன்று மாதத்துக்குக் கொடுக்கலாம்.

டூயோலிங்கோ

2016 ஜனவரியில் வந்தது. தன்னார்வலர்கள் கட்டிய பாடம். அதன் ஒவன் என்ற பாத்திரமும் அவனுக்குப் 'பன்னஸ்' என்ற கிழங்கின் மேல் உள்ள பித்தும் கற்பவர்களிடையே நிரந்தரக் கேலி. உணவகத்தில் கேட்கத் தெரியாதவருக்கும் அந்தக் கிழங்கின் பெயர் தெரியும்.

2023 அக்டோபரோடு இந்தப் பாடத்தைப் புதுப்பிப்பது நின்றது. பாடம் அப்படியே இருக்கிறது, யாரும் எடுத்துவிடவில்லை. ஆனால் இனிமேல் வளராது என்று எண்ணிக்கொண்டு பயன்படுத்துவது நல்லது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே தெரிந்தவர்கள் வந்து விளக்கம் எழுதிய விவாதப் பகுதி 2022லேயே போய்விட்டது. வேல்ஷுக்கு அதுதான் உயிர்நாடியாக இருந்தது. ஏன் என்பதற்கு முதலெழுத்து மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சந்தியில் பெரும்பாலும் முன்சொல்லின் கடைசி திரியும், அல்லது நடுவில் ஓர் எழுத்து மிகும். வேல்ஷில் திரிவது பின்சொல்லின் தலை. 'பாங்கோர்' என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். பாங்கோருக்கு என்றால் 'ஈ வாங்கோர்'. பாங்கோரிலிருந்து என்றால் 'ஓ வாங்கோர்'. பாங்கோரில் என்றால் 'அம் மாங்கோர்'. ஊர் ஒன்று, தலை மூன்று. ஆங்கில 'கார்டன்' என்பதில் வரும் ககர ஒலியில் தொடங்கினால் சில இடங்களில் அது காணாமலே போய்விடும்: தோட்டம் 'கார்த்', அந்தத் தோட்டம் 'அர் ஆர்த்'. சாதாரண அகராதியில் 'ஆர்த்' தேடினால் கிடைக்காது.

டூயோலிங்கோ இதை விளக்காமல் வாக்கியத்தைக் காட்டிக் காட்டிப் பதியவைக்கப் பார்க்கிறது. எழுத்துத் துண்டுகளைத் தொட்டு வாக்கியம் கட்டும் பயிற்சியில் 'வாங்கோர்' ஏற்கெனவே திரிந்த வடிவில் கட்டத்தில் கிடக்கும். தொட்டால் சரி. ஏன் அது 'பாங்கோர்' இல்லை என்று மனத்தில் கேள்வியே எழாது. அதனால் நூறு நாள் தொடர் எண்ணிக்கை வைத்திருப்பவரும் பேசும்போது பெயரைத் திரிக்காமல் அப்படியே சொல்வார். மாற்று எளிது: துண்டு தொடும் பயிற்சிகளில் விசைப்பலகை வழி கிடைக்கும்போதெல்லாம் அதற்கு மாறி முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்ய வேண்டும். திரிந்த சொல்லைப் பார்த்ததும் மூலச் சொல்லைத் தேட, பாங்கோர் பல்கலைக்கழகத்தின் 'ஆப் கெய்ரியடிரோன்' என்ற இலவச அகராதிச் செயலி கைபேசியில் இருக்கட்டும். திரிந்த வடிவத்தை இட்டாலும் மூலத்தைக் காட்டும்.

இன்னொரு பக்கம், இந்த மாற்றங்களைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொள்ளவும் தேவையில்லை. திரிக்காமல் சொன்னாலும் புரியும். வீட்டில் பேசுபவர்களே எல்லா இடத்திலும் திரிப்பதில்லை. முதலாண்டில் 'க்கு', 'இலிருந்து', 'இல்' ஆகிய மூன்று இடத்திலும், 'என்', 'உன்' வரும் இடத்திலும் பார்த்துக்கொண்டால் போதும்.

வடக்கு, தெற்கு இரண்டையும் இந்தப் பாடம் கலந்து கொடுக்கிறது. பல இடங்களில் இரண்டு விடையையும் ஏற்கும். நியாயமாகத் தெரிந்தாலும் நம் ஆளுக்கு இது குழப்பம். குரல் கணினிக் குரல். சொற்களை ஒழுங்காக உச்சரிக்கும், ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் வராது. காலையில் பத்து நிமிடம் சொல் நினைவுக்கு என்றால் சரி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அதன் தவறு அல்ல.

ஆக ஒரு வாரத்துக்கு: வகுப்பு நான்கு மணி நேரம், வகுப்பு இல்லாத மூன்று நாளில் தலா அரை மணி ஒலிப்பாடம், தினம் பத்து நிமிடச் செயலி. பாட்டிக்கு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, முதல் ஐந்து நிமிடம் வேல்ஷில் மட்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்து. நேரத்தை நீட்டினால் இருவருக்கும் களைப்பு வந்து ஆங்கிலம் புகுந்துவிடும். ஐந்து நிமிடம் தாண்டாமல் தொடங்கி, மாதம் ஒரு நிமிடம் கூட்டுவது வேலை செய்யும்.

வாசிக்க, வகுப்பு நிலைகளுக்கு ஏற்ப வெளிவரும் 'அம்டானி' வரிசைக் கதைகள் இருக்கின்றன. அட்டையிலேயே நிலை அச்சாகியிருக்கும். கேட்க, பிபிசி ரேடியோ கம்ரியின் கற்பவர்களுக்கான தொகுப்பு 'பிகியோன்'. வேல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி இளைஞர்களுக்காகத் தரும் 'ஹான்ஷ்' காணொளிகள் சிறியவை, திரையின் கீழே வசன வரிகளோடு வரும். பாடநூல் காட்டாத ஆங்கிலக் கலப்பையும் வசவையும் அங்கே கேட்கலாம்.

ஒரேயடியாக முங்கி எழ விரும்புபவர்களுக்கு ல்ஹீன் தீபகற்பத்தில் 'நாந்த் குர்தெய்ர்ன்' என்ற தங்கிப் படிக்கும் மையம் இருக்கிறது. கைவிடப்பட்ட கருங்கல் குவாரிக் கிராமத்தை 1978இல் வாங்கி மொழிமையமாக மாற்றினார்கள். வாரப் பயிற்சி, சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. இது வடக்கு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒன்றுமே தெரியாமல் போவதைவிட, மனெட்யாட் முடிந்த கோடையில் போனால்தான் காசுக்கு ஈடாகும். சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சில் அப்போதுதான் நுழைய முடியும். கடலுக்கு இறங்கும் சாலை செங்குத்து. கார் இல்லாமல் போகிறவர்கள் இறங்கும் வழியைப் பற்றிப் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவும். வகுப்புப் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. நடுவில் சேரச் சில வகுப்புகள் ஜனவரியிலும் திறக்கும், ஆனால் நான்கு மணி நேர வகுப்புகளில் அப்போது தேர்வு குறைவு.